ஸ்கூட்டர், ஸ்கூபா, எரிமலை: பாலிக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதை

2023-இல், பாலிக்குப் பக்கத்தில் இருக்கிற நுசா பெனிடா தீவில் ஒரு சின்ன கிளினிக். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கையால் தம்பியின் மணிக்கட்டைத் தலையணை மேல் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். கெலிங்கிங் கடற்கரைக்குப் போகிற வழியில், இறக்கமான ஒரு வளைவில் மணலில் சறுக்கி ஸ்கூட்டர் சாய்ந்துவிட்டது. "அக்கா, விரலை மடக்க முடியல" என்று அவன் சொன்னபோதுதான் எலும்பு போயிருக்கிறது என்று புரிந்தது. பாலிசி எங்களிடம் இருந்தது, 50,000 டாலர் கவர். அந்த நம்பிக்கையில்தான் போனை எடுத்தேன்.

மறுமுனையில் பேசியவர் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "வண்டி ஓட்டினவரோட லைசென்ஸை வாட்ஸப்ல அனுப்புங்க மேடம்" என்றார். அனுப்பினேன். இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். "இதுல எல்எம்வி மட்டும்தான் இருக்கு. டூ வீலர் இல்லையே." தம்பி எங்கள் ஊரில் பதினைந்து வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறவன், ஆனால் லைசென்ஸ் எடுத்தது காருக்கு மட்டும். படகில் பாலிக் கரையிலுள்ள சானூருக்கு வந்து, டென்பசாரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தோம். நம்மூர்ப் பணத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆனது. மொத்தமும் எங்கள் கையிலிருந்து போனது. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தைப் பல நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பாலிசி வேர்டிங்கை எடுத்து முழுதாகப் படித்தேன். உரிய லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டி ஏற்படும் காயத்துக்குப் பணம் கிடையாது என்று 27-ஆம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

இந்த வருஷம் மறுபடி பாலி போகிறோம். இந்தத் தடவை நான் இன்சூரன்ஸ் தேடிய விதமே வேறு. முன்பு விலை ஒப்பிடும் தளத்தில் எது மலிவோ அதை எடுத்தேன். இப்போது முதலில் ஒரு வெள்ளைத் தாளில் எந்த நாளில் என்ன செய்யப் போகிறோம் என்று எழுதினேன்: ஸ்கூட்டர், பெனிடாவில் மான்டா திருக்கைகளைப் பார்க்க ஒரு டைவ், துலம்பெனில் கப்பல் டைவ், பத்தூர் மலை, ஆயுங் ஆற்றில் ராஃப்டிங், உபுட் குரங்குக் காடு. அப்புறம் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாலிசியின் எக்ஸ்க்ளூஷன் பகுதியை மட்டும் படித்தேன். விளம்பரப் பக்கத்தில் எல்லாம் இருக்கிற மாதிரிதான் தெரியும். எது கிடையாது என்று எழுதியிருக்கிற இடத்தில்தான் உண்மையான பாலிசி இருக்கிறது.

ஸ்கூட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாலிக்குப் போகிற நம்மவர்களில் பெரும்பாலானோர் மாட்டுவது இதில்தான். வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரர் லைசென்ஸே கேட்க மாட்டார், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். அதனால் ஓட்டலாம் போல என்று தோன்றிவிடும். உங்கள் லைசென்ஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எம்சிடபிள்யூஜி அல்லது எம்சிடபிள்யூஓஜி என்று இருந்தால்தான் டூ வீலருக்கு அனுமதி. அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்று வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டணத்தில் கிடைக்கும், ஒரு வருஷம் செல்லும். ஆனால் உள்ளூர் லைசென்ஸில் என்ன வகை இருக்கிறதோ அதுதான் அதிலும் வரும். காருக்கு மட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு இதை வாங்கினால் ஸ்கூட்டருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஹெல்மெட் போடாமல் விழுந்தாலும், இரண்டு பியர் குடித்துவிட்டு விழுந்தாலும் க்ளெய்ம் போய்விடும். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டைப் பயண இன்சூரன்ஸ் தராது. பர்சனல் லயபிலிட்டி என்று ஒரு வரி இருக்கும். வண்டி ஓட்டியதால் வரும் பொறுப்பு பொதுவாக அதில் சேராது.

அடுத்தது டைவிங். நம்மூர்ப் பயணப் பாலிசிகளில் பெரும்பாலும் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும், இல்லையென்றால் தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர், எடுக்கச் சொல்வார்கள். ஆட்-ஆன் எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், அதிலும் நிபந்தனைகள் இருக்கும்: பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் இறங்க வேண்டும், இத்தனை மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, உங்கள் சான்றிதழ் எவ்வளவு ஆழத்துக்கு அனுமதிக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. என்னிடம் இருப்பது ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்பநிலை ஸ்கூபா சான்றிதழ், 18 மீட்டர் வரைக்கும். துலம்பெனில் கிடக்கிற லிபர்ட்டி கப்பல் 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டுக் கரையேற்றப்பட்டு, 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அதன் மேல்பகுதி ஐந்தாறு மீட்டரிலேயே தொடங்கிவிடும், அடிப்பகுதி முப்பது மீட்டர் வரை போகும். வழிகாட்டி "இன்னும் கொஞ்சம் கீழே வாங்க" என்று கையைக் காட்டினால் மறுக்க வேண்டியது நான்தான். 22 மீட்டரில் ஏதாவது ஆனால் அந்த நான்கு மீட்டரைச் சொல்லியே க்ளெய்மை மறுப்பார்கள்.

வேகமாக மேலே வந்து உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகிவிட்டால் அழுத்த அறையில் வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டும். பாலியில் அந்த வசதி டென்பசாரில் இருக்கிறது. பெனிடாவிலிருந்து படகு, அங்கிருந்து ஆம்புலன்ஸ், ஒரு முறை போதாமல் பல முறை சிகிச்சை என்று போனால் செலவு எங்கேயோ போய்விடும். அதனால் பாலிசியில் ஹைப்பர்பாரிக் சிகிச்சை (இந்த அழுத்த அறைச் சிகிச்சைதான்) என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடினேன். மூன்று பாலிசிகளில் ஒன்றில்தான் இருந்தது. அடிக்கடி டைவ் செய்கிறவர்கள் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் மாதிரி டைவிங்குக்கென்றே இருக்கிற அமைப்பில் உறுப்பினராகி அதன் காப்பீட்டையும் தனியாக வைத்துக்கொள்வார்கள். ஊர் திரும்பும் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதே குமிழி ஆபத்தால், பல டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. நான் கடைசி முழு நாளைக் குரங்குக் காட்டுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

குரங்கு என்றதும் சிரிக்காதீர்கள். பாலியில் 2008-இலிருந்து வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. குரங்கோ நாயோ கடித்தால், பிராண்டினால்கூட, உடனே கழுவி அன்றே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும், காயத்தைப் பொறுத்து இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டியிருக்கும். இதெல்லாம் மருத்துவமனையில் அட்மிட் ஆகாமல் நடப்பது. அதனால் ஓபிடி கவர் இருக்கிறதா, டிடக்டிபிள் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். டிடக்டிபிள் 100 டாலர் என்றால் முதல் 100 டாலர் நம் கையிலிருந்துதான் போகும்.

பத்தூர் மலை 1,717 மீட்டர்தான், அதனால் உயர வரம்பு வைத்திருக்கிற பாலிசிகளிலும் பெரிதாகத் தொல்லை இல்லை. ஆனால் பக்கத்துத் தீவான லொம்போக்கில் ரிஞ்சானி மலை ஏறப் போகிறவர்கள் கவனியுங்கள், அது 3,726 மீட்டர். ராஃப்டிங் ஆட்-ஆனிலேயே வந்துவிட்டது.

எரிமலைச் சாம்பல் வேறு கதை. 2017 நவம்பரில் ஆகுங் புகைந்து பாலி விமான நிலையத்தை மூடினார்கள், ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். 2024 நவம்பரில் ஃப்ளோரஸ் தீவின் லெவோடோபி வெடித்தபோதும் பாலி விமானங்கள் ரத்தாயின. செய்தி வந்த பிறகு பாலிசி எடுத்தால், தெரிந்த நிகழ்வு என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். டிக்கெட் போட்ட அன்றே எடுப்பது இதற்காகத்தான். விமானத் தளத்தில் பணம் கட்டும்போது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டு வருகிற இன்சூரன்ஸை நான் இந்த முறை எடுக்கவில்லை. அதில் சாகச விளையாட்டு எதுவுமே இல்லை.

கடைசியில் இரண்டு பாலிசிகள் மிஞ்சின. இரண்டு கம்பெனிக்கும் போன் செய்தேன், இரண்டு பேருமே "எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்றார்கள். அந்தப் பதிலோடு விடாமல் அதே கேள்விகளை மெயிலில் அனுப்பினேன். 125 சிசி ஸ்கூட்டர், 18 மீட்டர் டைவ், அவசரத்தில் ஆளைப் படகில் மருத்துவமனைக்கு மாற்றுவது, அழுத்த அறை, நான்கே கேள்வி. ஒரு கம்பெனி பொதுவான ஒரு பதிலை அனுப்பியது. இன்னொன்று ஒவ்வொரு கேள்விக்கும் பிரிவு எண்ணோடு பதில் சொல்லி, ஆளை வேறு மருத்துவமனைக்கு மாற்றும் முன் உதவி மையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதையும் தானாகவே எழுதியிருந்தது. அதைத்தான் எடுத்தேன், 1,00,000 டாலர் கவர், இரண்டாவதை விட 900 ரூபாய் அதிகம். அந்த மெயிலை பிரிண்ட் எடுத்துப் பாஸ்போர்ட் உறையில் வைத்திருக்கிறேன்.

தம்பி போன மாதம் எல்எல்ஆர் போட்டு, முப்பது நாள் காத்திருந்து, ஆர்டிஓவில் எட்டுப் போட்டுக் காட்டி டூ வீலர் லைசென்ஸ் வாங்கிவிட்டான். புது அட்டை வந்த அன்றே இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான்.