கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில்: ஒரு சைக்கிள் நாட்குறிப்பு

5 ஜனவரி 2025, ஞாயிறு

முந்தாநாள் இரவு சென்னை எல்.பி. சாலையில் ஒரு தண்ணீர் லாரி என் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. விழவில்லை. வீட்டுக்கு வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும்போதுதான் கை நடுங்குவது தெரிந்தது. மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு வைத்ததிலிருந்து சாலையில் இருந்த கொஞ்சநஞ்ச ஓரமும் போய்விட்டது. சைக்கிளை விடப்போவதில்லை, வழியைத்தான் மாற்ற வேண்டும்.

திருவான்மியூரில் வீடு, பாரிமுனையில் வேலை. ஏறக்குறைய 14 கிலோமீட்டர். இன்று முழுக்க வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டதில் ஒன்று புரிந்தது. சென்னையில் அமைதியான தெருவுக்குப் பஞ்சமே இல்லை, எந்தப் பேட்டையில் நுழைந்தாலும் நிழலோடு நாலு தெரு இருக்கும். ஆனால் அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய், ரயில் பாதை என்று குறுக்கே ஓடுகிறவற்றைத் தாண்டத்தான் இடம் குறைவு, எல்லா வண்டியும் அங்கே வந்து குவிகிறது. ஆகவே தெருவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பாலத்தை முடிவு செய்ய வேண்டும்.

கால்வாய் திருவான்மியூருக்கு மேற்கே ஓடி, அடையாற்றைத் தாண்டி, மயிலாப்பூரில் கடல் பக்கம் வளைந்து, சேப்பாக்கம் அருகே கூவத்தில் சேர்கிறது. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டியே போனால் கால்வாயைக் கடக்கவே வேண்டாம். இரண்டே பாலம்: அடையாற்றுக்குத் திரு.வி.க. பாலம், கூவத்துக்கு நேப்பியர் பாலம். கடல் பக்கத்திலிருந்து குறுக்கே வண்டியும் வராது. இத்தனை வருடம் இது ஏன் தோன்றவில்லை!

12 ஜனவரி, ஞாயிறு

கடல் வழிக்கு முன்னால் மயிலாப்பூர் வழியையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று விடிவதற்குள் கிளம்பினேன். மார்கழியின் கடைசி ஞாயிறு. கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் அந்த நேரத்தில் வண்டியே இல்லை, ஆனால் தெருவை அடைத்துக் கோலம். ஒரு தெருவில் இந்தப் பக்க வாசலிலிருந்து அந்தப் பக்க வாசல் வரை புள்ளி வைத்து, பாதிதான் இழுத்திருந்தார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போகப் பார்த்தேன். குனிந்திருந்த மாமி நிமிர்ந்து, "தம்பி, உருட்டாதேங்கோ, தூக்கிண்டு போயிடுங்கோ" என்றார். தூக்கிக்கொண்டு நடந்தேன். டயரில் ஒட்டியிருந்த ஈர மண் ஒரு புள்ளி மேல் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் விரலால் அதைத் தட்டிவிட்டு, அதே இடத்தில் மாவைக் கிள்ளி வைத்தார்.

அத்தனை அழகான காலை, ஆனால் வழி என்று பார்த்தால் சரிப்படாது. லஸ் பக்கம் கால்வாயைக் கடந்தே ஆக வேண்டும், அங்கேயும் மெட்ரோ தடுப்பு. பெரிய சாலையில் திருப்பிவிட்ட வண்டிகள் எல்லாம் சந்துக்குள் புகுந்து வருகின்றன. ஏழரை மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் நடக்கவே சிரமம், அங்கே இருப்பவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

13 ஜனவரி, திங்கள்

போகி. தெருவெல்லாம் புகை. சைக்கிளை எடுக்கவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று கடல் வழி, முதல் பாதி. கலாக்ஷேத்ரா சாலை வழியாகப் பெசன்ட் நகர். அங்கிருந்து ஊரூர் குப்பம் தாண்டி, உடைந்த பாலம் வரை போனேன்.

இந்தப் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடையாறு கடலில் சேரும் இடத்தில், சாந்தோம் பக்கத்தையும் எலியட்ஸ் கடற்கரையையும் இணைக்க 1967-ல் கட்டினார்கள். 1977-ல் வெள்ளம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதோடு சரி. இன்று காலை இந்தப் பக்க முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொண்டேன், அதற்கு மேல் போகக் கூடாது. எதிரே சீனிவாசபுரத்துக் குடியிருப்பு தெரிகிறது, மொட்டைமாடியில் யாரோ துணி காயப்போடுவதுகூடத் தெரிகிறது. கண்ணுக்கு எட்டுகிற அந்த இடத்துக்குப் போக நான் திரும்பி, திரு.வி.க. பாலம் சுற்றி நாலு கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். காருக்கு வேண்டாம், லாரிக்கு வேண்டாம். ஆளும் சைக்கிளும் மட்டும் போகிற மாதிரி அந்த இடைவெளியை இணைத்துவிட்டால், திருவான்மியூரிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒரு சிக்னல்கூட இல்லாமல் குப்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருவார்கள். 48 வருடமாக அப்படியே கிடக்கிறது என்பதை என்னால் சும்மா பார்த்துவிட்டு வர முடியவில்லை.

மணலில் பங்குனி ஆமைகள் மூன்று செத்துக் கிடந்தன. இந்த மாதம் சென்னைக் கரை நெடுக இப்படித்தான் ஒதுங்குகின்றன.

திரும்பும்போது பின்சக்கரம் பஞ்சர். பெசன்ட் நகரில் மரத்தடிக் கடை. டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார், குமிழி வந்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவிட்டு ஒட்டினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியை ஓட்டினார். ஓரிடத்தில் நூல் மாட்டியது. அரை அங்குல சீமைக்கருவேல முள். "இத உள்ளயே உட்டுட்டா தெருமுனை தாண்ட மாட்டீங்க சார்" என்றார்.

26 ஜனவரி, ஞாயிறு

குடியரசு தினம், காமராஜர் சாலையில் அணிவகுப்பு. ஒத்திகை நாட்களிலும் காலையில் அந்தப் பக்கம் விடமாட்டார்கள், இந்த வழியில் போக நினைப்பவர்கள் ஜனவரி கடைசியில் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே இருந்து செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஒரே வாரத்தில் உப்புக் காற்றுக்குக் கண்ணியில் செம்மண் நிறத்தில் துரு ஏறியிருக்கிறது. கடலோரம் ஓட்டினால் வாரம் ஒருமுறை இந்த வேலை கட்டாயம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

முழு வழியும் ஓட்டிவிட்டேன்! 5.50-க்குக் கிளம்பினேன். பெசன்ட் அவென்யூவில் பிரம்மஞான சபையின் மதிலை ஒட்டி வரும்போது மரங்களுக்குள்ளிருந்து பறவைச் சத்தம். அதைத் தாண்டி என் செயின் ஓடும் சத்தம் மட்டும்தான். 1882-லிருந்து சபை அங்கே இருப்பதால்தான் அந்த மரங்களும் இருக்கின்றன. திரு.வி.க. பாலத்தில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இடது ஓரமாகவே ஏறி இறங்க வேண்டும். இறங்கிச் சாந்தோம் பக்கம் திரும்பினால் தொல்காப்பியப் பூங்கா, அப்புறம் பட்டினப்பாக்கம்.

பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை கடலை ஒட்டிப் போகும் லூப் சாலைதான் இந்த வழியின் உயிர். வலப்பக்கம் படகும் வலையும், இடப்பக்கம் வீடுகள். மீன் விற்க நொச்சிக்குப்பத்தில் தனிக் கட்டிடம் வந்துவிட்டது என்றாலும் சாலையில் மீன் கழுவிய தண்ணீர் அங்கங்கே ஓடிக்கிடக்கிறது. அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வழுக்கும். கூடையோடு வந்த ஒரு அம்மா "பாத்து போ கண்ணு" என்று எனக்காக ஒதுங்கி நின்றார். அது அவர்கள் தெரு, நாம்தான் ஒதுங்க வேண்டும். நான் இறங்கி அவரை முதலில் போகச் சொன்னேன்.

கலங்கரை விளக்கத்தருகே மெட்ரோ தடுப்பைச் சுற்றிக்கொண்டு மெரினா உட்சாலை. மணல் படிந்த இடங்களில் மெதுவாக. நேப்பியர் பாலத்துக்குப் பிறகு ராஜாஜி சாலையில் வண்டிச் சத்தம் ஆரம்பித்துவிடுகிறது, அதற்கு மாற்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. மொத்தம் 16 கிலோமீட்டர், எதிர்காற்றில் 65 நிமிடம். பழைய வழியைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதல்.

5 பிப்ரவரி, புதன்

முதல்முறையாக இந்த வழியில் வேலைக்கு. ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் உண்டு, ஏழு மணிக்கெல்லாம் பாலத்தில் நெரிசல் தொடங்கிவிடுகிறது. பட்டினப்பாக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பின்னால் கேரியரில் தம்பியை உட்காரவைத்து, அரசு கொடுத்த சைக்கிளில் என் கூடவே லூப் சாலை முழுக்க வந்தாள். கலங்கரை விளக்கத்தில் பெல் அடித்துவிட்டு இடப்பக்கம் திரும்பிப் போனாள். நாளைக்கும் அதே நேரத்துக்குக் கிளம்புகிறேன்.