பாட்டு வரிசை

டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண். மடியில் கைடு, காதில் ஹெட்போன். ஒரு குத்துப்பாட்டு, பத்து வினாடியில் அடுத்தது, அதுவும் வேண்டாமென்று இன்னொன்று. கட்டைவிரல் நிற்கவே இல்லை.

பாட்டில் குறையில்லை. வரிசைதான் தப்பு.

மனசு கனத்துக் கிடக்கும்போது எடுத்த எடுப்பிலேயே குத்துப்பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். இருக்கிற மனநிலைக்கு ஒத்த பாட்டில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் 1940களிலேயே சொன்ன முறை. இசை சிகிச்சையில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

தாளத்துக்குக் கைதட்டி, 15 வினாடியில் எத்தனை என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். அதுதான் பாட்டின் வேகம். முதல் ரெண்டு பாட்டு 70, 80க்குள். அப்புறம் 100 பக்கம் ரெண்டு. கடைசியில் 120க்கு மேல் மூணு. தவிலும் பறையும் அங்கே தாராளமாக வரட்டும். மொத்தம் அரை மணி நேரம். ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் போட்ட வரிசையே கலைந்துபோகும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் பேஸ், அதாவது கனத்த அடி ஒலி, எழும்பாது. காலை ஆடவைப்பதே அதுதான்!

பழைய காதலையோ இழந்தவரையோ நினைவுபடுத்தும் பாட்டு, எவ்வளவு துள்ளலாக இருந்தாலும் இந்த வரிசையில் வேண்டாம்.