காலிப்பருக்கு பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தேய்மானத்த படிச்சிடுங்க

செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்விஃப்ட் எடுத்திருக்கேன், 2014 மாடல், இசட்டிஐ டீசல், சில்வர் கலர். இன்ஜின் சத்தம் சீரா இருக்கு, ஏசி நல்லா கூல் ஆகுது, கிளட்ச் லேசா இருக்கு, ஆனா வெளிய நின்னு பாத்தா வண்டியோட வயசு நல்லாவே தெரியுது. ஹெட்லைட் மஞ்சளாயிருக்கு, பானெட் முன்பக்கம் கல்லடி பட்ட புள்ளிங்க, பம்பர் மூலையில உரசல், அப்புறம் என்னை ரொம்ப உறுத்துனது அலாய் வீல் இடுக்குல தெரியிற காலிப்பர்தான், அதாவது வீலோட சுத்துற டிஸ்க்க ரெண்டு பக்கமும் பிரேக் பேடால அழுத்திப் பிடிக்கிற பாகம். அலாய் பளிச்சுன்னு இருக்கு, அதுக்குள்ள செங்கல் கலர்ல துரு ஏறின ஒரு இரும்புக் கட்டி. வண்டி முன்ன கொட்டிவாக்கம் பக்கம், கடலுக்கு கிட்ட நின்ன வண்டி, அதனால துருவ பாத்து எனக்கு ஆச்சரியம் இல்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த மாதிரி வண்டிங்கள்ல வர்ற ஒத்த பிஸ்டன் காலிப்பர் வார்ப்பிரும்புல செஞ்சது, மேல பூசியிருக்கிற கோட்டிங் லேசானது, உப்புக்காத்துலயும் மழைத்தண்ணியிலயும் அது சீக்கிரம் போயிடும், அப்புறம் துருதான். மேலாப்புல இருக்கிற துருவால பிரேக் பிடிக்காம போகாது. டிஸ்க்ல ராத்திரி மழைக்கு அப்புறம் ஆரஞ்சு கலர்ல படியிறது வேற விஷயம், காலைல ரெண்டு மூணு தடவ பிரேக் அடிச்சா பேடே அத தேச்சு எடுத்துடும், அத பாத்து பயப்பட வேணாம். ஆனா காலிப்பர் துரு ரப்பர் பூட் ஓரத்துக்கும், பேடு உக்கார்ற இடத்துக்கும், பிரேக் ஆயில்ல இருக்கிற காத்த வெளிய விடுற பிளீடர் நிப்பிளுக்கும் போச்சுன்னா அது அழகு பிரச்சனை இல்ல, பிரேக் பிரச்சனை.

அதனால பழைய வண்டிக்கு மேக்கப் போடறதுக்கு முன்னாடி அந்த வண்டியோட தேய்மானத்த ஒரு தடவ உக்காந்து படிச்சிடணும்ங்கறது என்னோட உறுதியான கருத்து. பாலிஷ் போட்டுட்டா அப்புறம் படிக்க முடியாது. ஸ்டியரிங் மேல வழுவழுன்னு பளபளப்பு, பிரேக் பெடல் ரப்பர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு, டிரைவர் சீட்டு வெளி ஓரம் அமுங்கிருக்கு, இதெல்லாம் இருந்து மீட்டர்ல மட்டும் கிலோமீட்டர் கம்மியா காட்டுச்சுன்னா யோசிக்கணும். முன் பம்பர் ஷேடு ஃபெண்டர் ஷேடோட ஒத்துப் போகலன்னா எப்பவோ டிங்கர் வேலை நடந்திருக்கு, கதவு பீடிங் ரப்பர் ஓரத்துல பெயிண்ட் தூள் ஒட்டியிருந்தாலும் அதேதான். நான் வண்டிய வெயில்ல நிறுத்தி இதெல்லாம் போட்டோ எடுத்து வச்சிட்டுதான் உப்புத்தாள கையில எடுத்தேன்.

காலிப்பர் வேலைக்கு நான் தனியா இறங்கல. எங்க ஏரியாவுல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு, அவர்கிட்ட போய் காலிப்பருக்கு பெயிண்ட் அடிக்கணும்ணேன்னு சொன்னதும், "பெயிண்ட் அப்புறம் அடிக்கலாம் தம்பி, மொதல்ல வீல கழட்டி பேட பாரு, உள்பேடு வெளிபேடு ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கான்னு சொல்லு"ன்னாரு. பாத்தா வலது பக்கம் ரெண்டும் சமமா இருந்துச்சு, இடது பக்கம் உள்பேடு பாதிதான் மிச்சம். "பின்னு பிடிச்சிருக்கு"ன்னு உடனே சொல்லிட்டாரு. இந்த வகை காலிப்பர் ரெண்டு பின் மேல நகரணும், பிஸ்டன் உள்பேட தள்ளும்போது காலிப்பர் பாடி எதிர்ப்பக்கமா நகந்து வெளிபேட இழுத்துட்டு வரும். பின் துருப்பிடிச்சு நகராம போச்சுன்னா உள்பேடு மட்டும் தேயும், அந்த வீல் சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும். இது எதுவுமே வெளிய இருந்து ஸ்ப்ரே அடிச்சா தெரியாது, இன்னும் சொல்லப்போனா மறைஞ்சிடும்.

அந்த பின்னுங்கள ரெண்டு பக்கமும் கழட்டி பழைய கிரீஸ தொடச்சு, சுத்தம் பண்ணி, பிரேக்குக்குன்னே வர்ற சிலிகான் கிரீஸ் போட்டு மாட்டினோம். இங்க சாதாரண கிரீஸ் போடவே கூடாது, பெட்ரோலிய எண்ணெய் பட்டா பிரேக் ரப்பர் ஊதிப் போகும், அப்புறம் பின் திரும்பவும் பிடிக்கும். கழுவுறதுக்கும் அதே விதிதான், நிறைய ஒர்க்‌ஷாப்ல மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஊத்தி கழுவுறத பாத்திருக்கேன், வேணாம், பிரேக் கிளீனர்னு கேன்ல வர்றது எண்ணெய் படலம் விடாம ஆவியாயிடும், அத வாங்கிக்கோங்க. முன்பேடு செட்டும் புதுசு போட்டாச்சு.

அதுக்கு அப்புறம்தான் பெயிண்ட். வண்டிய சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, பின் டயருக்கு கல்லு வச்சு, ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்டு போட்டு, கழட்டின வீல கதவுக்கு கீழ அடியில படுக்க வச்சிடுங்க, ஜாக்கி நழுவினாலும் வண்டி அது மேலதான் உக்காரும். அடுத்து தூசி. பிரேக் தூசிய காஞ்ச பிரஷ்ஷால தேச்சு பறக்க விடாதீங்க, ஏர் அடிக்காதீங்க, மூச்சுக்குள்ள போகக்கூடாத பொருள் அது, முதல்ல கிளீனரால நனைச்சு, துணியில வழிச்சு எடுத்து, அப்புறம் மாஸ்க் போட்டுக்கிட்டு கம்பி பிரஷ் பிடிங்க. இந்த வேலையில முக்கால்வாசி நேரம் இங்கதான் போகும். உதிர்ற துரு எல்லாம் போகணும், இடுக்குல இருக்கிறதுக்கு பழைய டூத் பிரஷ், கடைசியா 120 உப்புத்தாள்ல ஒரு தேய்ப்பு, அப்புறம் திரும்ப கிளீனர். கையால தொட்டா எண்ணெய் பசை ஒட்டும், அதனால கிளவுஸ் போட்டுக்கோங்க.

மாஸ்கிங் டேப் ஒட்டுறதுல சோம்பல் படவே கூடாது. டிஸ்க் முகம், பேடு, பிரேக் ஹோஸ், பிஸ்டனோட ரப்பர் பூட், காலிப்பர் நகர்ற பின்னோட ரப்பர் பூட், பிளீடர் நிப்பிள் இதெல்லாம் மூடணும். நிறைய பேர் கவனிக்காத இடம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, காலிப்பர தாங்குற பிராக்கெட்ல பேடோட காது, அதாவது ரெண்டு முனையிலயும் நீட்டிக்கிட்டிருக்கிற பகுதி, உக்கார்ற பள்ளம், அங்க பெயிண்ட் ஏறினா பேடு இறுகிப் பிடிச்சு நகராது, அவ்வளவு கஷ்டப்பட்டு பின்ன சரி பண்ணதே வீண். இன்னொண்ணு, வீலும் டிஸ்க்கும் ஒட்டுற முகம், அந்த இடத்துல பெயிண்ட் இருந்தா ஓட ஓட அது அமுங்கி நட்டு லூசாகும். டிஸ்க்கோட நடுவுல தொப்பி மாதிரி புடைச்சிருக்கிற பகுதி துருவா தெரியுதுன்னு அதுக்கு பெயிண்ட் அடிக்கிறவங்க அந்த தட்டையான முகத்த கண்டிப்பா விட்டுடுங்க.

எந்த பெயிண்ட்னு சென்னையில கார் சாமான் கடைங்க இருக்கிற ஜி.பி. ரோட்ல கடை கடையா கேட்டேன். எக்ஸாஸ்ட்டுக்கு அடிக்கிற ஹை டெம்ப் ஸ்ப்ரே நிறைய கிடைக்குது, டின்னுல 600 டிகிரி தாங்கும்னு போட்டிருக்கு, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த சிலிகான் பெயிண்ட் முழுசா இறுகறதுக்கே நல்ல சூடு வேணும், சைலன்சர்ல அது கிடைக்கும், சிட்டி டிராஃபிக்ல ஓடுற வண்டியோட காலிப்பர்ல அந்த சூடு வராது. இறுகாத பெயிண்ட் மேல ரெண்டு சொட்டு பிரேக் ஆயில் பட்டா போதும், கரைஞ்சு வந்துடும். அதனால இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து அடிக்கிற காலிப்பர் பெயிண்ட்தான் நான் எடுத்தேன், அது கலவையிலயே இறுகுது, சூட்ட நம்பி இல்ல. சாதா எனாமல் மட்டும் வேணாம், கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்ற அன்னிக்கு அது கருகி நிறம் மாறிடும். பிரஷ்லதான் அடிச்சேன், ஸ்ப்ரே சுத்தி இருக்கிற எல்லாத்து மேலயும் தூவும். மெல்லிசா ஒரு கோட், டின்னுல சொன்ன நேரம் காய விட்டு அடுத்த கோட், தடிமனா ஒரே அடியா அடிச்சா ஓரத்துல வழிஞ்சு நிக்கும். நம்ம ஊர்ல புழுக்கமான நாள்ல அடிக்காதீங்க, மாசி பங்குனி மாதிரி காஞ்ச நாளா பாத்து காலைலயே ஆரம்பிச்சிடுங்க.

கலர் விஷயத்துல ஆளுக்கு ஒரு ரசனை. சிவப்பு, மஞ்சள் எல்லாம் பெரிய அலுமினியம் காலிப்பருக்கு எடுப்பா இருக்கும், இந்த வண்டிக்கு நான் கிராஃபைட் கிரே அடிச்சேன், சில்வர் பாடிக்கும் அலாய்க்கும் நடுவுல அடக்கமா, சுத்தமா தெரியுது. பின்பக்க டிரம்முக்கு வெளிய மேட் பிளாக். ஆனா ஒண்ணு, கடையில சிவப்பு பிளாஸ்டிக் மூடி ஒண்ணு காட்டுவாங்க, காலிப்பர் மேல ஒட்டிக்கறது, பெரிய கம்பெனி காலிப்பர் மாதிரி தெரியும். தயவு செஞ்சு வாங்காதீங்க. காத்து பட வேண்டிய இடத்த மூடுது, ஒட்டினது விட்டா ஓடுற வீலுக்குள்ள சிக்கும். பிரேக் பக்கத்துல ஒட்டு வேலையே ஆகாது.

மாட்டினதுக்கு அப்புறம் வண்டிய எடுக்கிறதுக்கு முன்னாடி பிரேக் பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு கெட்டியாகுதான்னு பாத்துடணும், புது பேடு போட பிஸ்டன உள்ள தள்ளியிருந்தா முதல் மிதிக்கு பெடல் தரையத் தொடும். பிஸ்டன தள்ளும்போது ரிசர்வாயர்ல, அதாவது பிரேக் ஆயில் டப்பாவுல, ஆயில் ஏறும், பொங்கி பாடி மேல வழிஞ்சா அந்த இடத்து பெயிண்ட்டே போயிடும், உடனே தண்ணி ஊத்தி கழுவணும். வீல் நட்ட மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு, அதாவது சொன்ன முறுக்கு அளவுக்கு, இறுக்கி, கொஞ்சம் ஓட்டினதும் திரும்ப ஒரு தடவ செக் பண்ணிடுங்க.

மத்த வேலைங்கள்ல ஹெட்லைட்தான் வண்டியோட முகத்த மாத்துனது. அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேல இருக்கிற யூவி கோட்டிங் வெயில்ல செத்துப் போறதாலதான் மஞ்சள் ஆகுது. டூத்பேஸ்ட் வச்சு தேச்சா பளிச்சுன்னு ஆகும்தான், ஆனா கோட்டிங் திரும்ப வராது, கொஞ்ச நாள்ல மறுபடி மஞ்சள். தண்ணி விட்டு விட்டு 1000, 1500, 2000, 3000னு உப்புத்தாள் மாத்தி தேச்சு, காம்பவுண்ட் போட்டு, கடைசியா யூவி கிளியர் கோட் அடிச்சாதான் நிக்கும். ராத்திரி வண்டலூர் தாண்டி ஹைவேல போகும்போது வித்தியாசம் தெரியுது, இது அழகுக்கு மட்டும் செய்ற வேலை இல்ல. ஹார்டனர் கலக்கிற கிளியர் கோட்னா அதுக்குன்னு வர்ற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும், துணி மாஸ்க் பத்தாது.

கீறலுக்கு ஒரே சோதனை நகம்தான். நகத்தால குறுக்க இழுத்தா மாட்டலன்னா மேல கிளியர் கோட்ல இருக்கிற கீறல், காம்பவுண்ட் பாலிஷ்ல குறையும். நகம் மாட்டுச்சுன்னா டச் அப் பெயிண்ட்தான். கல்லடி புள்ளிக்கு ஊதுவத்திக் குச்சி நுனியில தொட்டு சொட்டு சொட்டா வச்சேன், பாட்டில்ல வர்ற பிரஷ் ரொம்ப தடிமன். சில்வர்ல ஒரு கஷ்டம் இருக்கு, கலர் கோடு சரியா பாத்து வாங்கினாலும், பெயிண்ட்ல இருக்கிற அலுமினியத் தூள் ஸ்ப்ரே கன்ல அடிக்கும்போது படுக்கிற மாதிரி குச்சியில வைக்கும்போது படுக்காது, அதனால கிட்ட போய் பாத்தா புள்ளி லேசா கருப்பா தெரியும். தெரிஞ்சாலும் பரவால்ல, கீழ தகரம் துருப்பிடிக்காம இருக்கணும், அதுதான் முக்கியம்.

பானெட் மேல ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் குங்குமம் வருஷக்கணக்கா அப்படியே இருந்த இடம் ஒண்ணு. மஞ்சள் கறை வெயில்லயே வெளுத்துடும், குங்குமத்துல கலந்த சாயம்தான் போகாம நிக்குது, பாலிஷ் பண்ணதுல முக்கால்வாசி போச்சு. பூஜை முடிஞ்ச மறுநாள் ஈரத்துணியால தொடச்சிட்டா போதும், சாமிக்கு ஒண்ணும் குறை இல்ல. கண்ணாடியில போர் தண்ணி உப்பு வெள்ளை வெள்ளையா படிஞ்சிருந்துச்சு, வெள்ளை வினிகர் நனைச்ச துணிய கொஞ்ச நேரம் போட்டு வச்சு துடைச்சதுல வந்துடுச்சு. அப்பார்ட்மெண்ட்ல தினமும் காலைல காஞ்ச தூசிய துணியால துடைக்கிறதாலதான் பாடி முழுக்க வட்ட வட்டமா கீறல் விழுது, துடைக்கிற அண்ணன் மேல தப்பு இல்ல, அவருக்கு நம்ம ரெண்டு பக்கெட் தண்ணியும் ரெண்டு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் குடுத்தா போதும்.

பின் பம்பர் மூலையில இருக்கிற உரசல மட்டும் அப்படியே விட்டுட்டேன். பிளாஸ்டிக் பம்பர்ல பட்டி பாத்து முழு பம்பரும் அடிக்கணும், சில்வர்னா ஷேடு தள்ளிப் போக வாய்ப்பு அதிகம், அப்புறம் வண்டிய வாங்க வர்றவங்க பின்னாடி பெரிய இடி வாங்கின வண்டியோன்னு நினைப்பாங்க. வெறும் உரசல்னு பாத்ததும் தெரியிற மாதிரி இருக்கட்டும்.