ஆச்சியின் மூக்குத்தி

தாத்தா ஆச்சி கல்யாணப் படம் மழை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. பிய்த்தால் முகமே உரிந்து வந்துவிடும் என்று கண்ணாடியோடு அப்படியே 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்தேன். முதலில் சோம்பேறித்தனமாக ஒரு ஏஐ செயலியில் போட்டால், அது ஆச்சியின் மூக்குத்தியைக் கறை என்று நினைத்து அழித்துவிட்டு, தாத்தாவுக்கு யாரோ சீரியல் நடிகரின் கண்ணை வைத்துவிட்டது. சரி, இது வேலைக்கு ஆகாது என்று ஃபோட்டோஷாப்பில் தனி லேயர் போட்டு, ஹீலிங் பிரஷ், குளோன் ஸ்டாம்ப் என்ற ஒட்டுப்போடும் கருவிகளை வைத்து விரிசல்களை மட்டும் ஒவ்வொன்றாக அடைத்தேன். நாலு ராத்திரி! கரையான் தின்ற இடது மூலையைத் தொடவில்லை, அங்கே நானாக எதையாவது வரைந்து வைக்க மனசு வரவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கி மூக்கையே பார்த்தாள்.

"எட்டுக்கல் பேசரி. இப்போ உன் சித்திகிட்ட இருக்கு."