ஆயித்தியமலைக்கு நடந்த வழியில்

ஆயித்தியமலை என்று பேரிலே மலை இருந்தாலும், பதுளைப் பக்கத்து மலையை நினைத்துக்கொண்டு வராதீர்கள். இது படுவான்கரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். உன்னிச்சைக் குளத்தை நம்பிய வயல் வட்டைகள், இடையிடையே பற்றைக்காடு. அங்கேதான் தூய சதா சகாய அன்னையின் திருத்தலம். செப்டம்பர் தொடக்கத்தில் திருவிழா. மட்டக்களப்பிலிருந்து நடந்தே போவது பலருக்கு நேர்த்திக்கடன்.

நாங்கள் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவை விட்டபோது இன்னும் வெயில் ஏறவில்லை. யுத்த காலத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்று கடந்த இடம் அது. இப்போது அதே தெருவில் செபமாலை சொல்லிக்கொண்டு போகிறோம். முன்னால் போன பெண்களில் நெற்றியில் திருநீறோடு நடந்தவர்களும் இருந்தார்கள். மாதாவிடம் போக யாரும் யாரையும் கேட்பதில்லை. சிறுபோக அறுவடை நேரம். வெட்டு மெசின் கிளப்பிய வைக்கோல் தூசியில் 'அருள் நிறைந்த மரியே' பாதி இருமலாகப் போயிற்று.

களைப்பாற ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் ஒதுங்கினோம். சுவரைப் பார்த்ததும் எனக்குக் கால்வலி மறந்துவிட்டது. இடுப்பளவு உயரம் வரை பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து. அதற்கு மேலே கொங்கிறீற் பீம் ஒன்று. அதற்கும் மேலே சீமெந்துக் கல். பூச்சுப் பூசாததால் எது எந்தக் காலம் என்று தெளிவாகத் தெரிந்தது.

கோயில் மூப்பர் தேத்தண்ணி தந்தபடி சொன்னார்: "முதல்ல ஓலைக் கொட்டில்தான் மனே. மறுகா செங்கல்லால எழுப்பித் தகரம் போட்டம். சூறாவளிக்குத் தகரம் எங்க போச்செண்டே தெரியா."

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைச் சொல்கிறார். மட்டக்களப்பில் அந்த வயதுக்காரர்கள் எதையும் 'சூறாவளிக்கு முதல்', 'சூறாவளிக்குப் பிறகு' என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். தென்னந்தோப்புகளே படுத்துவிட்ட இரவு அது. தகரம் எம்மாத்திரம்!

பிறகு கூரை வந்தது. பிறகு யுத்தம் வந்தது. 2007இன் தொடக்கத்தில் படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து முகாம்களுக்குப் போனது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் திரும்பத் தொடங்கியபோது, இந்தக் கோயிலில் கூரையுமில்லை, யன்னல் நிலையுமில்லை. உள்ளே ஆளுயரத்துக்குப் பற்றை.

"வீட்டு வளவுக்கு முதல் கோயில் முத்தத்தத்தான் வெட்டினம். பக்தியெண்டு நினைச்சிராதீங்க. நிவாரணம் அங்கதான் குடுத்த" என்று சிரித்தார் மூப்பர்.

எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. பதிவு, கூட்டம், தண்ணி பவுசர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள்தான் நடந்தனவாம். பூசை கடைசியாகத்தான் வந்தது. முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று வெளியிலிருந்து யோசனை வந்தபோது ஊர் மறுத்துவிட்டது. ஒரு மேசன்தான், பழஞ்சுவரின் தலையில் பீமை ஓட்டினால் தாங்கும் என்று வழி சொன்னாராம்.

இந்தப் பக்கத்துக் கோயில்களின் பெரிய வரலாற்றை ஏடுகளில் பார்க்கலாம். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. பின்னர் இயேசு சபைக் குருக்கள் பொறுப்பேற்றார்கள். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. இடுப்பளவுச் செங்கல்லின் கதையை மூப்பரிடம்தான் கேட்கவேண்டும்.

அவரும் எங்களோடு நடந்தார். ஆயித்தியமலையை அடைந்தபோது என் வலது குதிக்கால் பொக்களித்திருந்தது. வரிசை மெல்ல நகர, கையில் வாங்கிவைத்திருந்த சதா சகாய அன்னையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலப்படம் உரோமையில் இருக்கிறது. 1866இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அதை இரட்சகர் சபைக் குருக்களிடம் கொடுத்தார். மேலே இரண்டு பக்கமும் மிக்கேல், கபிரியேல் என்ற சம்மனசுகள், அதாவது வானதூதர்கள், இயேசுவின் சிலுவைப் பாடுகளின் கருவிகளைக் காட்டுகிறார்கள். குழந்தை பயந்து தாயின் கையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறது. ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று, வாரில் தொங்குகிறது. வீட்டுச் சுவரில் எத்தனையோ வருடம் தொங்கிய படம்தான். அந்தச் செருப்பை நான் ஆறுதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். 2007இல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் ஓடிய தாய்மாருக்கு இந்தப் படத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

இரவு சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது மூப்பர் கொப்பி ஒன்றை எடுத்தார். கோயிலுக்கு மணிக்கூண்டு கட்ட ஆசையாம்.

எங்களோடு வந்த அக்கா விடவில்லை. "மணிக்கூண்டு கிடக்கட்டும் அப்பு. நடந்து வாற பொம்புளையளுக்கு முதல்ல ஒரு கக்கூஸ் கட்டுங்க."

"அதுக்கும் சீமெந்து வேணுமே புள்ள."

எங்கள் குழு ஐந்து பக்கெற் சீமெந்து தருவதாக ஒப்புக்கொண்டது. அது எதற்கென்றும் கொப்பியில் எழுதவேண்டும் என்று அக்கா பக்கத்தில் குந்தியிருந்து எழுதுவித்தார். 'மலசலகூடம்' என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்த பிறகுதான் எழும்பினார்.