லாடத்தை மாற்றுவதற்கு முன்

வண்டிப் பந்தயத்துக்குப் பழக்கும் இரண்டு வயதுக் குதிரை காலோடு கால் இடிக்காமல் ஓடினால்தான் எனக்கு ஆச்சரியம். அந்த வயதில் பல குதிரைகளுக்குப் பின்பகுதி முந்திக்கொண்டு உயர்ந்துவிடும். தோள் பிறகுதான் அதை எட்டிப் பிடிக்கும். அதுவரை பின்னங்கால் எட்டி விழும் இடத்தில் முன்னங்கால் இன்னும் நின்றுகொண்டிருக்கும். பயிற்சியாளர்களுக்கோ அன்று மாலையே வேறு லாடம் வேண்டும்.

எது எதில் படுகிறது என்று தெரியாமல் நான் அரத்தைத் தொடுவதில்லை. முன் லாடத்தின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து ஓடவிட்டால், பின்னங்காலில் படிந்த வெள்ளை உண்மையைச் சொல்லிவிடும். ட்ராட்டர் என்ற நடை வகைக் குதிரைக்கு ஒரு பக்க முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் ஜோடியாக நகர்வதால், முன் குளம்பின் நுனி அதே பக்கத்துப் பின்னங்காலின் குளம்பு விளிம்பிலோ முன்னெலும்பிலோ படும். பேசர் என்ற இன்னொரு வகைக்கு ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து போகும். அதனால் பின்னங்கால் எதிர்ப்பக்க முன்னங்காலின் உட்புறத்தை உரசும். முன்னங்கால் மற்ற முழங்காலை அடிப்பதும் உண்டு.

ட்ராட்டர் என்றால் முதலில் முன் குளம்பின் நுனி நீளத்தைப் பார்ப்பேன். நீண்ட நுனி தரையை விட்டுக் கிளம்பத் தாமதிக்கும். சில மில்லிமீட்டர் குறைத்து, அடிப்பக்கம் உருண்ட அரைவட்ட லாடம் போட்டாலே பல சிக்கல்கள் தீரும். பேசரின் பின்னங்காலுக்கு நான் நம்புவது பாதிக்குப் பாதி லாடம்: உட்பாதி அரைவட்டம், வெளிப்பாதியில் பள்ளம், வெளிக் குதியில் சற்று நீண்ட வால். வெளிப்புறம் மண்ணைப் பிடிக்கும், உட்புறம் விட்டுக்கொடுக்கும். கால் கொஞ்சம் அகன்று போகும். நுனியில் எடை சேர்த்து ட்ராட்டரின் நடையை நிலைநிறுத்துவது பழைய வழி. பலன் உண்டு, ஆனால் எடை கூடினால் கால் உயர மடங்கும், சீக்கிரம் தளரும். இளங்கால்களுக்கு அதை நான் விரும்பித் தருவதில்லை.

வெளிப்பக்கம் திரும்பிய காலை நேராக்க, குளம்பின் ஒரு பக்கத்தை அதிகம் சீவச் சொல்பவர்களிடம் மட்டும் வாக்குவாதம் செய்வேன். கணுவுக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் இடம், முதல் வயதுக்குள்ளேயே மூடிவிடுகிறது. அதன்பின் சாய்த்துச் சீவினால் எலும்பு நேராகாது. மூட்டுதான் பாரம் சுமக்கும்.

எந்த வேகத்தில் இடிக்கிறது, நேரிலா வளைவிலா, களைத்த பிறகா என்றும் கேட்பேன். கடைசி ஓட்டத்தில் மட்டும் இடித்தால் அதற்குத் தேவை உடற்பயிற்சி. ஒழுங்காக ஓடிய குதிரை திடீரென இடித்தால் முதலில் வலியைத் தேட வேண்டும். முழங்காலை அடிக்கிறது என்று என்னிடம் கொண்டுவந்த ஒரு பெண் குதிரை, ஒரு பக்கக் கடிவாள வாரிலேயே தொங்கியபடி தலையைச் சாய்த்து ஓடியது. வாயைத் திறந்து பார்த்தால் கடிவாளம் படும் இடத்தில் சிறு ஓநாய்ப் பல், அதாவது கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் முளைக்கும் குட்டிப் பல். பல் வைத்தியரை அழைக்கச் சொல்லிவிட்டு, பழைய லாடத்தையே திரும்ப அடித்தேன். முழங்கால் காப்புகளை மட்டும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம் என்றேன்.