லெந்து நாட்குறிப்பு: சவுலின் ஏழாம் நாளும் தாவீதின் குகையும்

மார்ச் 10, 2025, திங்கள்

1 சாமுவேல் 13. கில்காலில் ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலியிடுவேன் என்று இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலிடம் சொல்லியிருந்தார் தீர்க்கதரிசி சாமுவேல். சவுல் ஏழு நாளும் இருந்தான். அவனைத் திட்டும் பிரசங்கங்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. தவணை முடிகிற நேரத்தில்தான் சறுக்கி, தானே பலியிட்டான். பலியிட்டு முடித்த கையோடு சாமுவேல் வந்து நிற்கிறார்.

அவன் சொன்ன சாக்கு மூன்று: ஜனங்கள் சிதறிப்போனார்கள், நீர் வரவில்லை, எதிரிகளான பெலிஸ்தர் மிக்மாசில் கூடிவிட்டார்கள். மூன்றும் நிஜம். கூட மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 600 பேர். பொறுமை போகிற நேரத்தில் கையில் இருக்கும் காரணம் உண்மையாகவே இருக்கும், ஏமாறுவது அதனால்தான். போதாததற்கு, அவசரத்துக்குப் பக்தி வேஷம் வேறு.

மார்ச் 11, செவ்வாய்

அதிகாரம் 24, என்கேதி குகை. அடுத்த ராஜாவாகச் சாமுவேல் அபிஷேகம் செய்த தாவீதைச் சவுல் கொல்லத் தேடுகிறான்; தாவீதும் ஆட்களும் அந்தக் குகைக்குள் ஒளிந்திருக்கிறார்கள். வெளியே 3,000 பேர், உள்ளே சவுல் தனியாக. "கர்த்தர் சொன்ன நாள் இதுதான்" என்றார்கள் தாவீதின் ஆட்கள். கதவு திறந்தது என்று நாம் சொல்வோமே, அதே பேச்சு. சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே தாவீதின் மனம் அடித்துக்கொண்டது.

வாய்ப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது: இதை எடுக்க எந்தக் கட்டளையை மீற வேண்டும்? ஒன்று இருந்தாலும் விட்டுவிடலாம்.

மார்ச் 12, புதன்

அதிகாரம் 25. சவுலிடம் பொறுத்த தாவீது, உணவு தர மறுத்த செல்வந்தன் நாபாலின் ஒரு வசைக்குப் பட்டயம் கட்டிக்கொண்டு 400 பேரோடு கிளம்புகிறான். பெரிய காரியத்தில் காத்திருக்கிறவர்கள் வீட்டில் சின்னப் பேச்சுக்கு வெடிப்பது இப்படித்தான். நல்லவேளை நாபாலின் மனைவி அபிகாயில் 200 அப்பம், 5 ஆடு, 200 அத்திப்பழ அடையோடு வழியிலேயே மறித்தாள். கோபத்தில் எடுத்த முடிவை ஒரு இரவு தள்ளிப்போடுங்கள். மறிக்க ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 14, வெள்ளி

26:10. சவுலின் முடிவுக்குத் தாவீது மூன்று வழி சொல்கிறான்: கர்த்தர் அடிப்பார், அவன் காலம் வரும், யுத்தத்தில் மாள்வான். தன் கை அதில் இல்லை.

நம் கை எது, கர்த்தர் கை எது என்று ஜெபக் குறிப்பேட்டிலும் பிரித்து எழுதலாம். ஒரு காரியத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதி, ஒரே வரியில் வேண்டுதல், நடுவில் கோடு. இடப்பக்கம் நம் கடமை: வேலை தேடுகிறவர் என்றால் சான்றிதழ்களைச் சரிசெய்வது, மனுப் போடுவது, நேர்காணலுக்குப் படிப்பது. வலப்பக்கம் கர்த்தருடையது: யார் அழைப்பார்கள், எப்போது. வலப்பக்கத்தில் கெடுத் தேதி எழுதக் கூடாது. எழுதினால் அதுவே வாக்குத்தத்தம் போலாகி, தேதி தவறும்போது விசுவாசம் ஆடும். மாதம் ஒருமுறை புரட்டினால் போதும். தினமும் பார்த்தால் கவலைப் பட்டியலாகிவிடும். இடப்பக்கம் காலியாகக் கிடந்தால் அதற்குப் பெயர் சோம்பல்.

மார்ச் 15, சனி

அதிகாரம் 27. இனி சவுல் கையில் சாவேன் என்று பயந்து தாவீது பெலிஸ்தர் நாட்டுக்குப் போகிறான். அங்கே ஒரு வருஷம் நாலு மாதம். கர்த்தரிடம் விசாரித்ததாக இந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. சவுல் யுத்தத்தில் மாண்டபின், 2 சாமுவேல் 2:1இல், இரண்டு கேள்வி கேட்கிறான்: யூதாவின் பட்டணம் ஒன்றுக்குப் போகலாமா, எந்தப் பட்டணத்துக்கு? எப்ரோனுக்கு என்று பதில் வருகிறது. அங்கேயும் முழு இஸ்ரவேலுக்கு அல்ல, யூதா கோத்திரத்துக்கு மட்டும்தான் ராஜா, ஏழு வருஷம் ஆறு மாதம்.